பென்சில் கோடு போட்ட வரிகள்

என் அருமை மகனுக்கு,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும். இன்றைக்கு உனக்கு வயது ஐந்து. கூடத்தில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். எழுந்ததும் கன்னத்தில் பதிந்த கோரைக் கோடுகளைத் தடவிக்கொண்டே வந்து, பசிக்கிறது என்பாய். அதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன். பெட்டியில் பூட்டி வைக்கிற கடிதம் இல்லை இது. உன் அத்தை படிக்கலாம், உன் அப்பா வந்ததும் படிக்கலாம், பக்கத்து வீட்டு மரியம் அக்காவும் ஒருநாள் படிப்பாள். முன்பின் தெரியாதவர்கள் படித்தாலும் எனக்குச் சம்மதமே. நான் ஒரு தப்புச் செய்தேன். அதை நீ வேறொருவர் வாயால் கேட்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் படிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது. தாமதமாகத்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா சைகோனில் தபால் அலுவலகத்தில் குமாஸ்தா. உனக்கு இரண்டு வயது முடியுமுன் கப்பலேறினார். காரைக்காலில் இது ஓர் அதிசயம் இல்லை. நம் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு ஆள் குறைவாக இருக்கும். அந்த ஆள் சைகோனில் இருப்பார். சர்க்கார் உத்தியோகம், பட்டாளம், ஜவுளிக் கடை, ஏதோ ஒன்று. புறப்பட்ட அன்று அப்பா வாசலில் நின்று என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பேப்பர் போடச் சொல்லியிருக்கேன். தெனம் படி. படிச்ச படிப்பு அடுப்பங்கரையில துருப்பிடிக்க வேணாம்." திருச்சியில் விடுதியில் தங்கி பி.ஏ. முடித்தவள் நான். அந்தப் படிப்புக்கு இந்த வீட்டில் கிடைத்த மரியாதை, உன் அத்தை ராஜாமணி எனக்கு வைத்த பெயர்தான். "காலேஜு, புளி கரைச்சாச்சா?" "காலேஜு, பால் பொங்குது பாரு." அப்பாவின் அக்கா அவள். கணவர் மலேயாவில் இறந்துபோனதும் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். வாய் பொல்லாதது. ஆனால் நீ பிறந்த முதல் நாற்பது நாளும் உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் அவள்தான். நான் தொட்டால் வழுக்கிவிடுமோ என்று எனக்குப் பயம்.

சென்னைப் பேப்பர் ஒரு நாள் பழசாக, பேரளம் ரயிலில் வரும். இந்தப் பிரெஞ்சு ஊரின் எல்லையில் சோதனை கடுமையாகிவிட்ட பிறகு சில நாள் வராது, மறுநாள் இரண்டாகச் சேர்ந்து வரும். மூன்று மணி வாக்கில் கொல்லைப்புற மதிலில் இருக்கிற சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு மரியம் அக்கா வருவாள். அவள் வீட்டுக் கிணற்றடிக்கும் நம் வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் அந்த ஒரு கதவுதான். கையில் எப்போதும் ஒரு முறம், அதில் அரிசி. வியட்நாம் சண்டைச் சேதியைச் சும்மா உட்கார்ந்து கேட்க முடியாது என்பாள். கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அஞ்சலையும் கூடை காலியாகிவிட்டால் வந்து உட்காருவாள்.

"இன்னிக்கு எத்தன பேரு செத்தாங்களாம்?" என்பாள் உட்கார்ந்ததும்.

"ஏண்டி, எண்ணிப் பாத்து எழுதிக்கவா வந்தே? மீனு வித்தாச்சுல்ல, கெளம்பு" என்பாள் உன் அத்தை.

"அதுக்கில்லம்மா. இம்புட்டு எழுதுறானே, அந்த ஊருக் கடல்ல என்ன மீனு அம்புடுதுன்னு ஒரு நாளாச்சும் போடுறானா பாரு."

மரியம் அக்கா முறத்தைத் தட்டிவிட்டுச் சிரிப்பாள். "சைகோன்லேருந்து எங்க வீட்டு ஆளு எழுதுவாங்கடி. ஆத்து மீனாம். மண்ணு வாடை அடிக்குதாம். நம்ம கொடுவாய நெனச்சு நெனச்சு அத முழுங்குறாங்களாம்."

இப்படித்தான் எங்களுக்கு யுத்தம் வந்து சேர்ந்தது. உலகத்துக்கே பெரிய சேதி அது. எங்களுக்கு மூன்று மணிச் சேதி. ஹானோய்க்கு அப்பால் மலைகளுக்கு நடுவே பிரெஞ்சுப் பட்டாளம் சூழப்பட்டது என்று படித்த அன்று நம் வீட்டில் தயிர் உறையவில்லை. எனக்கு இப்போதும் இரண்டும் ஒன்றாகத்தான் ஞாபகம் வருகிறது. மண்ணெண்ணெய் கிடைக்காத வாரம், உனக்குப் பால்பல் ஆடிய வாரம், சமாதானப் பேச்சு என்று முதல் தடவை வந்த வாரம், எல்லாம் ஒரே வாரம். நீ கோழிக் கூடையைச் சுற்றி வீட்டுச் செருப்புகளையெல்லாம் வரிசையாக வைத்துவிட்டு, "அம்மா, கோழிய முற்றுகை போட்டுட்டேன்" என்றாய். உன் அத்தை தன் செருப்பைத் தேடி வீடெல்லாம் அலைந்தாள். எல்லோரும் சிரித்தோம். இரவு உனக்குச் சாதம் பிசையும்போதுதான் அந்தச் சொல்லை உனக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று யோசித்தேன்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடல் தாண்டிப் போனவருக்குக் கெட்ட சேதி எழுதுவதில்லை. கடிதம் போய்ச் சேர மூன்று வாரம், பதில் வர மூன்று வாரம். இங்கே காய்ச்சல் விட்டு ஆள் எழுந்து நடமாடும்போது அவர் அங்கே சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். எதற்கு? அதனால் எல்லாக் கடிதமும் சுகம் என்று தொடங்கிச் சுகம் என்று முடியும். போன ஐப்பசியில் நீ டைபாய்டில் இருபத்தோரு நாள் கிடந்தாய். உன் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்து கிடந்ததை நான் பொறுக்கினேன். அந்த வாரம் அப்பாவுக்கு என்ன எழுதினேன் தெரியுமா? "குழந்தை ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறான்." அவரும் சளைத்தவர் இல்லை. "இங்கே ஒரு குறையும் இல்லை, மாலையில் ஆற்றோரம் காற்று வாங்கப் போகிறேன்" என்று எழுதுவார். இருட்டினால் அங்கே வெளியே தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு போட்டிருப்பதை நான் பேப்பரில் படித்திருப்பேன்.

மரியம் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதே. குர்ஆன் ஓதுவாள். அரபு எழுத்தில் தமிழை எழுதவும் படிக்கவும் செய்வாள். சைகோனில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் எழுதுகிற கடிதமெல்லாம் அப்படித்தான், வலமிருந்து இடமாக ஓடும் தமிழ். அவள் வாசித்துக் காட்டினால் நம் தெருப் பேச்சு அப்படியே கேட்கும். தாளைப் பார்த்தால் பி.ஏ. படித்த எனக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியாது. பேப்பரில் இருக்கிற எழுத்து அவளுக்கு அதுபோல. வெளியே அதிகம் போகாதவள். ஆகவே அவளுக்குச் சைகோன் என்றால் இரண்டுதான்: அவள் கணவர் எழுதுவது, நான் படிப்பது.

மார்கழியில் ஒருநாள் பேப்பரைப் பிரித்துத் தலைப்புகளைப் படித்துக்கொண்டே வந்தேன். ஓரத்தில் நாலு வரிச் சேதி. சைகோனில், ஜவுளிக் கடைகள் இருக்கிற வட்டாரத்தில், குண்டு வீச்சு. செத்தவர் பெயர் எதுவும் இல்லை. "சைகோனில்" என்று சொல்லிவிட்டேன். மரியம் அக்காவின் விரல் அரிசியில் நின்றது. என் கண் அந்த நாலு வரியையும் ஓட்டிப் பார்த்துவிட்டது. வாய், "அமைதி நிலவுகிறது" என்றது. அடுத்து சர்க்கரை விலையைப் படித்தேன். "என்ன தங்கச்சி, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். "தூசிக்கா" என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாளாவது சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வாரத்தில் அவள் கணவரிடமிருந்து கடிதம் வந்தது, குண்டு விழுந்த தேதிக்குப் பிறகு எழுதியது, சுகம் என்று. பார், மூன்று வாரம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள், நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பு இப்படித்தான் காலூன்றும் மகனே: முதல் தடவை அதனால் ஒரு கெடுதலும் நடக்காது. அதன்பிறகு பேப்பர் வந்ததும் வாசலிலேயே நின்று ஒருமுறை படித்துவிடுவேன். வேண்டாத வரிகளின் அடியில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு. மூன்று மணிக்குப் படிக்கும்போது கோடு இருக்கிற இடத்தை நாக்கு தாண்டிவிடும். உண்மையைச் சொல்கிறேன், அவளுக்காக மட்டும் செய்யவில்லை. அந்த வரிகளை என் குரலிலேயே கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உன் அப்பாவும் அந்த ஊரில்தானே இருக்கிறார்.

சித்திரை பிறந்து சில நாளில் ஒரு திங்கட்கிழமை மரியம் அக்கா முறம் இல்லாமல் வந்தாள். கையில் ஒரு கிண்ணம்.

"வாயத் தொற தங்கச்சி. பாத்திஹா ஓதுன சர்க்கரை."

"என்னக்கா விசேஷம்?"

"காசிம் சபர் போறான். வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சுட்டு."

சபர் என்றால் அவர்கள் பேச்சில் பயணம். அதிலும் கடல் கடந்த பயணம். காசிம் அவளுடைய ஒரே மகன், பத்தொன்பது வயது. உன்னைச் சைக்கிள் பாரில் உட்கார்த்திவைத்துக் கடற்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவானே, அவன்தான். வெள்ளிக்கிழமை புதுச்சேரிக்குப் போய், அங்கே கப்பலேறி, சைகோனில் அவன் அத்தாவின், அதாவது அப்பாவின், கடையைக் கவனித்துக்கொள்ளப் போகிறானாம்.

"அத்தா ஒரு வருஷமாக் கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்குத்தான் மனசு வரல" என்றாள். "அப்பறம் நெனச்சேன். இத்தன நாளா நீ படிக்கிற, நான் கேக்குறேன். சண்ட பூரா வடக்கதானே? சைகோனு அமைதியாத்தானே இருக்கு? இல்லியா தங்கச்சி?"

சர்க்கரை வாயில் கரைந்துகொண்டிருந்தது. நான் "ஆமாக்கா" என்றேன். அதோடு விட்டேனா? "காசிம் போறப்ப அவருக்குக் கொஞ்சம் மோர் மிளகாயும் ஒரு கடுதாசியும் குடுத்துவிடுறேன்" என்றேன். மூன்று வருஷமாகப் பார்க்காத மனிதரை நேரில் பார்க்கப் போகிற ஒருவன் கிடைத்தான் என்ற ஆசை. அந்த ஆசைக்கு என் மனசில் முதல் இடம் கொடுத்தேன். இந்தக் கடிதத்திலேயே எழுதக் கூசுகிற இடம் இதுதான்.

மறுநாள் காசிமை வாசலில் பிடித்தேன்.

"ஏண்டா, நீ பேப்பர் பாக்குறதே இல்லையா?"

"படிப்பகத்துல தெனம் பாக்குறேன் சின்னம்மா" என்று சிரித்தான். "நீங்க விட்டுட்டுப் படிக்கிறதும் தெரியும். கெணத்தடியில நின்னு கேட்டிருக்கேன்."

"அப்ப ஏண்டா உங்கம்மாகிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தான். சிரிப்பு போயிருந்தது. "அத்தாவுக்கு நெஞ்சுல வலி. ரெண்டு தடவ வந்துடுச்சாம். அவங்க எழுத மாட்டாங்க. பக்கத்துக் கடைக்காரரு ஊருக்கு வந்தப்ப எங்கிட்ட மட்டும் சொன்னாரு. நான் போகலன்னா யாரு போறது? உம்மாவுக்கு நெஞ்சுவலியும் தெரிய வேணாம், குண்டும் தெரிய வேணாம். வெள்ளிக்கெழம வரைக்கும் இதே மாதிரி படிங்க சின்னம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவன் கெட்டவன் இல்லை. என்னைப் போலவே நல்லது நினைத்து மறைத்தவன். ஒரு வீட்டில் ஒரே ஒருத்தியைச் சுற்றி, அவள் கணவர், அவள் மகன், அவள் பக்கத்து வீட்டுக்காரி, மூன்று பேரும் கைகோத்து நின்று மறைத்துக்கொண்டிருந்தோம். நீ கோழியைச் சுற்றிச் செருப்பை அடுக்கினாயே, அதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஆனாலும் நான் அன்றைக்கும் கோடு போட்டுத்தான் படித்தேன். என்னை நிறுத்தியது நீ. புதன்கிழமை அடுப்படியிலிருந்து வந்து பார்க்கிறேன், கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாய். எதிரே கோழிக் கூடை. கையில் என் பென்சில். என் குரலைப் போலவே இழுத்து, "சைகோனில் அமைதி நிலவுகிறது. சர்க்கரை விலை" என்று படிக்கிறாய். ஒவ்வொரு வரிக்கும் அடியில் நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு இழுக்கிறாய்.

"என்னடா பண்ற?"

"பேப்பர் படிக்கிறேன்."

"எதுக்குக் கோடு?"

"இதெல்லாம் மரியம் பெரியம்மாகிட்ட சொல்லக் கூடாது. சொன்னா அழுவாங்க" என்றாய், எனக்கே தெரியாத ஒன்றை எனக்கு விளக்குவதுபோல.

உனக்கு அப்போது அ, ஆகூட முழுசாகத் தெரியாது. மறைப்பதற்கு மட்டும் தெரிந்துவிட்டது. உன் அத்தை ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"அவரு மலேயால செத்த சேதி எனக்கு எப்பச் சொன்னாங்க தெரியுமா காலேஜு? பதினோரு நாள் கழிச்சு. மச்சினனுக்குக் கலியாணம் வச்சிருந்தாங்க. அது முடியட்டும்னு இருந்தாங்களாம். எல்லாருக்கும் தெரியும். சமையக்காரனுக்குக்கூடத் தெரியும். நான் பதினோரு நாளும் தல நெறையப் பூ வச்சுக்கிட்டு, வந்தவங்களுக்குச் சந்தனம் குடுத்துக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னிக்கும் அவரு செத்தத நெனச்சு அழுவறதவிட, அந்தப் பூவ நெனச்சுத்தான் எனக்கு வயிறு எரியுது."

எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அதை அவள் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் பரணிலிருந்து பேப்பர் கட்டை இறக்கினேன். நாலு மாசத்துப் பேப்பர். கோடு போட்டதையெல்லாம் தனியே எடுத்து அடுக்கினேன். என் இடுப்பளவு இல்லை, ஒரு சாண் உயரம்தான். உன் அத்தை உன்னைத் தன் மடியில் இழுத்து உட்கார்த்திக்கொண்டாள். "புள்ளய நான் பாத்துக்கறேன். போ. பாதிய முழுங்கிட்டுத் திரும்பி வந்துடாத" என்றாள்.

மரியம் அக்கா கூடத்தில் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காசிமின் கைலிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "வா வா தங்கச்சி, மொளகா எடுத்துட்டு வந்தியா?" என்றாள். நான் கட்டைத் தரையில் வைத்தேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகம் இல்லை. "அக்கா, நான் ஒங்ககிட்ட முழுசாப் படிக்கல" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு மார்கழிச் சேதியை எடுத்து அந்த நாலு வரியைப் படித்தேன். அடுத்த பேப்பர், அடுத்தது.

"நிறுத்து" என்றாள். "தேதி சொல்லு."

சொன்னேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து கடிதக் கட்டைக் கொண்டுவந்தாள். நான் ஒரு சேதியைத் தேதியோடு படிப்பேன்; அவள் அதற்குப் பிறகு வந்த கடிதத்தைத் தேடி எடுத்துப் பேப்பரின் பக்கத்தில் விரித்து வைப்பாள். "'சுகமா இருக்கேன்'னு எழுதியிருக்காங்க" என்பாள். அடுத்தது. "'கடையில யாவாரம் நல்லா நடக்குது'ன்னு." அடுத்தது. கூடம் முழுக்கத் தாள்கள். என்னுடைய எழுத்து ஒரு வரிசை, அவளுடைய எழுத்து ஒரு வரிசை. மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற வரைக்கும் படித்தேன். கடைசித் தாளை வைத்ததும் அவள் அழவில்லை. நான் அழுவாள் என்றுதானே நாலு மாசம் பயந்தேன்.

"எனக்கு என்ன வயசு தங்கச்சி?" என்றாள்.

"என்னக்கா..."

"நாப்பது முடியப்போவுது. பத்து வருஷமா இந்த வூட்ட ஒத்தையா நின்னு நடத்துறேன். மாமனாரு, மாமியா ரெண்டு பேரு மவுத்தப் பாத்திருக்கேன், ரெண்டு புள்ளயப் பொதச்சிருக்கேன். நீ எனக்குச் சோறு ஊட்டுற மாதிரி சேதி ஊட்டியிருக்க. ஒனக்குக் கேக்கப் பயமா இருந்துச்சுன்னா காத மூடிக்கணும். எங்காத ஏன் மூடுன?"

தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது காசிம் உள்ளே வந்தான். தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"ஒனக்கு இதெல்லாம் தெரியுமாடா?"

"தெரியும் உம்மா."

"இன்னும் என்னடா தெரியும் ஒனக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவன் சொல்ல வேண்டியது. அவன் அத்தாவின் நெஞ்சுவலியைச் சொன்னான். மரியம் அக்கா மடித்த கைலியை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். இரண்டு தடவை. பிறகு பெட்டியில் வைத்து மூடினாள். "போறது வேணாம்" என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். காசிமும் அப்படித்தான் நினைத்திருப்பான். அவன் வாய் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"போ. கடையப் பாக்கப் போவாத. அத்தாவக் கூட்டிட்டு வரப் போ. சரக்க வந்த வெலைக்குத் தள்ளிட்டு, அடுத்த கப்பல்ல ரெண்டு பேரும் வந்து எறங்கணும். நான் கடுதாசி தர்றேன். சுகம் கிகம்னு ஒண்ணும் இருக்காது அதுல. இங்க இருக்கிறது அத்தனையும் இருக்கும்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ கெளம்பு தங்கச்சி. எனக்கு எழுதணும்."

பேப்பர்களைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அலமாரியில் வைத்துவிட்டு, அப்பாவுக்கு எழுதி மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்தேன். அதில் நீ ஒரு சுற்றுப் பெருத்திருந்தாய். புதிதாக எழுதினேன். ஐப்பசியில் இருபத்தோரு நாள், உன் தலைமுடி, மண்ணெண்ணெய் இல்லாத வாரம், பேப்பரில் நான் கோடு போட்டுத் தாண்டிய வரிகள், எல்லாவற்றையும். "நீங்களும் உள்ளதை எழுதுங்கள், இருட்டிய பின் ஆற்றோரம் போக முடியாது என்று எனக்குத் தெரியும்" என்று முடித்தேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நான் அவருக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து காசிம் வந்து வாங்கிக்கொண்டான். என்மேல் வருத்தம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் உன்னைத் தூக்கி ஒருமுறை சைக்கிளில் உட்காரவைத்துத் தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினான். மரியம் அக்கா வாசற்கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் நம் கதவில் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து கொல்லைக் கதவு அந்தப் பக்கம் தாழிட்டே கிடந்தது. ஒன்பது நாள். மூன்று மணிக்குப் பேப்பர் வரும். நான் பென்சிலைத் தொடவில்லை. உன் அத்தையையும் அஞ்சலையையும் உட்காரவைத்து ஒரு வரி விடாமல், வேண்டுமென்றே உரக்கப் படித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று. வியட்நாமில் சூழப்பட்ட அந்த மலைக் கோட்டையில் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது. அதையும் படித்தேன். முதல் இரண்டு நாள் குரல் உடைந்தது, பிறகு உடையவில்லை. நீ வந்து மடியில் உட்கார்ந்து கேட்டாய். "அப்பா ஊருலயும் குண்டு போடுவாங்களா?" என்றாய். போடுவார்கள் என்று சொன்னேன். "அப்பா பயப்படுவாங்களா?" பயப்படுவார், ஆனாலும் காலையில் எழுந்து தபால் ஆபீசுக்குப் போவார் என்றேன். நீ விளையாடப் போய்விட்டாய். இதைத் தாங்க உன்னால் முடியாது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ பெரியவனாகி இதைப் படிக்கும்போது எந்த ஊரில் எந்தச் சண்டை நடந்துகொண்டிருக்குமோ, இந்த ஊரில் யார் கொடி பறக்குமோ தெரியாது. உன்னை நம்பி உட்கார்ந்து கேட்கிற ஒருவர் உன் எதிரிலும் இருப்பார். மனைவியாக இருக்கலாம், முதுமையில் நானாகவே இருக்கலாம். அன்றைக்கு உன் நாக்கு ஒரு வரியைத் தாண்டப் பார்க்கும். அன்பினால்தான் தாண்டுகிறேன் என்று மனசு சொல்லும். நம்பாதே. படித்துவிடு. படித்த பிறகு எழுந்து போய்விடாதே; பக்கத்தில் உட்கார்ந்திரு. நான் வயதாகிப் படுத்துக் கிடக்கிற நாளில் வைத்தியர் உன்னைத் தனியாக வாசலுக்கு அழைத்து ஏதாவது சொன்னால், அதை உள்ளே வந்து என்னிடம் சொல். நான் கேட்டுக்கொள்வேன்.

நேற்று மூன்று மணிக்குக் கொல்லைக் கதவின் தாழ் விலகுகிற சத்தம் கேட்டது. காசிம் கப்பலில்தான் இருப்பான், இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். அதனால் சேதி ஒன்றும் வந்திருக்காது என்று தெரியும். ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன். மரியம் அக்கா வந்தாள். கையில் முறம் இல்லை. காசிம் சின்ன வயசில் வைத்திருந்த சிலேட்டும், ஒரு துண்டுக் குச்சியும். என் எதிரே உட்கார்ந்தாள்.

"வாங்கக்கா" என்று பேப்பரை எடுத்தேன்.

"நீ படிக்க வேணாம்" என்றாள். "ஒன் எழுத்த எனக்குச் சொல்லிக் குடு. இனிமே நானே படிச்சுக்கறேன்."

உன் அத்தை வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டே, "காலேஜுக்கு இன்னிக்குத்தான் வேல கெடச்சிருக்கு" என்றாள். மரியம் அக்கா சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. நான் சிலேட்டை வாங்கி, உனக்குச் சொல்லித் தருவதுபோல மேலே அ என்று எழுதப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே திரும்பி, அலமாரிப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே அந்த ஒரு சாண் கட்டு, கயிறு போட்டுக் கட்டி, அப்படியே இருந்தது.

"அத எடு. கோடு போட்ட எடத்துலேருந்து ஆரம்பி."

எடுத்து வந்து பிரித்தேன். நீயும் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாய். மார்கழிப் பேப்பர், ஓரத்தில் நாலு வரி. முதல் எழுத்தின் அடியில் அவள் விரலை வைத்தேன்.

உன் அம்மா